பத்திரத்தில் ஏறின பெயர்

கயல், அறிவு, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். உங்கள் தமிழ் வாசிப்பு எனக்குத் தெரியும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். என் எழுத்தும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. தெரியாத வார்த்தை வந்தால் அம்மாவைக் கேளுங்கள். இதில் அடி இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, இத்தனை வருடமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த என்னுடைய ஒரு காரியமும் இருக்கிறது. படித்த பிறகு என்னிடம் பேச வேண்டாம் என்று தோன்றினால் இரண்டு நாள் கழித்துப் பேசுங்கள்.

கயல், போன வாரம் நீ பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாய்: "அப்பா, மாயலா, காத்தாயியா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." மாப்பிள்ளை மார்ட்டின் பெயரிலிருந்து ஒரு துண்டு, உன் பெயரிலிருந்து ஒரு துண்டு எடுத்து நீங்கள் இரண்டு பேரும் ஒட்டிச் செய்த பெயர் மாயல். காத்தாயி என் அம்மாவின் பெயர். உங்கள் அம்மா அதைத்தான் வைக்கச் சொல்கிறாள். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். குளிர் வருகிறது என்றேன். குளிர் ஒன்றும் வரவில்லை. அறிவு, நீயும் சின்ன வயதிலிருந்து ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறாய். ஊரில் இருக்கும் அண்ணனை உலகமே வீரையன் என்று கூப்பிடும்போது அப்பா மட்டும் போனில் ஏன் வெற்றி, வெற்றி என்று கூப்பிடுகிறார்? அப்புறம் சொல்கிறேன் என்று உன்னை முப்பது வருடம் ஏமாற்றினேன். உங்கள் இரண்டு பேர் கேள்விக்கும் பதில் ஒன்றுதான்.

முதலில், திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மார்ட்டினும் நானும் பிள்ளையின் பெயரைப் பதியப் போனோமே, அந்த ஸ்டாண்டஸ்அம்ட் பதிவு அலுவலகத்தில் நடந்ததை மார்ட்டின் உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பான். நம் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் நம்ப மாட்டார்கள்: ஜெர்மனியில் நாம் வைத்ததெல்லாம் பெயர் ஆகிவிடாது. எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அது பெயர்தான் என்று தோன்ற வேண்டும். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். மாயல் இல்லை. மார்ட்டின் இரண்டாவது பெயரைச் சொன்னான். காத்தாயியும் இல்லை. போன மாதம் செய்த பெயரும் என் அம்மாவுக்கு வைத்த எங்கள் காவல் தெய்வத்தின் பெயரும் அவருக்கு ஒன்றுபோலவே இருந்தன. "இது உங்கள் நாட்டில் பெயராக இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும்" என்றார், மரியாதையாகத்தான். என் அம்மாவின் பெயர் என்றேன். அவருடைய பிறப்புச் சான்றிதழ்? கிடையாது. கல்யாணச் சான்றிதழ்? கிடையாது. இறப்பு? அதுவும் கிடையாது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படியானால் உங்கள் ஊரில் பெயரை யார்தான் அனுமதிக்கிறார்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது சமையற்கட்டு ஜெர்மன். "எங்கள் ஊரில் ஷெஃப்" என்றேன். இங்கே ஷெஃப் என்றால் முதலாளி. நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து அந்த அம்மாள் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னார். "இங்கேயும் அப்படித்தான்!" என்று அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆதாரம் கொண்டுவர ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முட்டி வலி என்று நினைத்து மார்ட்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். குத்தாலத்துக்குத் தெற்கே நம் ஊரில் நாங்கள் பண்ணையாட்கள். எங்கள் தெருவில் பிள்ளை பிறந்தால் முப்பதாம் நாள் தகப்பன் அதைத் தூக்கிக்கொண்டு மிராசுதார் வீட்டுக் கொல்லைப்புறம் போய் மாட்டுத்தொழுவத்துக்கு வெளியே நிற்க வேண்டும். ஐயா வாயில் என்ன வருகிறதோ அதுதான் பெயர். எங்கள் தெருப் பிள்ளைக்கு நல்ல பெயர் என்று ஒன்று தப்பித்தவறி வந்தால், அது அவர்கள் வீட்டில் யாருக்கும் இருக்கக் கூடாது. நான் ஐப்பசி அடைமழையில் பிறந்தவன். ஐயா ஊஞ்சலில் படுத்திருந்தாராம். திரும்பிக்கூடப் பார்க்காமல், "மழையில வந்திருக்கா? தவக்களைன்னு கூப்பிடு" என்றாராம். என் அப்பா ஒரு மரக்கால் நெல்லை வாங்கிக்கொண்டு, "சரிங்க ஆண்டே" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். தங்கராசு என்பது ஒன்றாம் வகுப்பு வாத்தியார், தவளைக்கு எங்கள் ஊர்ப் பெயரான தவக்களையை எழுதக் கை வராமல் அவராக எழுதிய பெயர். பள்ளிக்கூடம் போன அந்த ஐந்து வருடம் மட்டும் நான் தங்கராசு. களத்துமேட்டில் இருபத்து மூன்று வயது வரைக்கும் தவக்களைதான். "ஏ தவக்கள, இங்க வாடா, எங்க குதிச்சிப் போற" என்று என்னைவிட பத்து வயது சின்னப் பையன்கள் கூப்பிடுவார்கள். போக வேண்டும்.

என் அப்பா பெயர் வீரையன். அது ஐயா வைத்த பெயர் இல்லை. வீரன் கோவிலில் நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை என்பதால் எங்கள் பாட்டன் துணிந்து கேட்டு வாங்கிய பெயர். பண்ணையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், "டேய்" என்றால் அவர் வருவார். ஒரு கோடையில் என் அம்மாவுக்கு ஜுரம் என்று அவர் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் அவரைத் தென்னை மரத்தில் கட்டி மாட்டுச் சவுக்கால் அடித்தார்கள். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். ஊற்றியவர் காரியக்காரர் சாமிநாதன், அதாவது ஐயாவின் நிலபுலங்களைப் பார்த்துக்கொள்கிறவர். முதுகில் பிளந்த இடத்தில் சீழ் வைத்து, அப்பா ஆடி மாதம் வாய்க்காலில் தண்ணீர் வரும் முன்னே செத்துப்போனார். எங்கள் தெருவில் அன்று அழுகைகூட சத்தமாக இல்லை.

இங்கே வந்த புதிதில் நான் சட்டி கழுவிய ஓட்டலில் முதலாளி என்னை அலி என்று கூப்பிட்டார். எனக்கு முன்னால் அந்தத் தொட்டியில் நின்றவன் பெயர் அலி. பெயரை மாற்றிச் சொல்ல அவருக்குச் சோம்பல். அவர் கெட்ட மனிதர் இல்லை, கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கோட்டு வாங்கிக் கொடுத்தார். ஆனால் "அலி!" என்று அவர் கத்தும் ஒவ்வொரு முறையும் என் கை கத்தி இருக்கும் பக்கம் தானாகப் போகும். கத்தியை எடுத்துவிடாமலிருக்க, சூப்பு கிண்டுகிற பெரிய கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஏன் என்று கேட்டால் கீழே வருகிறது.

உங்கள் அண்ணன் பிறந்த வருடம் ஊர் முழுக்க மாறிக்கொண்டிருந்தது. புதிய ஆட்சி வந்திருந்தது. ரேடியோவில் தமிழ் கொட்டியது. டீக்கடையில் படித்த பையன்கள் தங்கள் பெயரையே மாற்றிக்கொண்டார்கள், ராமசாமி மகன் ஒருவன் திடீரென்று இளஞ்சேரன் ஆனான். கூலி உயர்த்தக் கேட்டு எங்கள் தெருவில் செங்கொடி ஏறியது, கொடி ஏறிய வாரமே இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம், மீதியை சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று சட்டம் வருவதாகவும் பேச்சு. இந்த நேரத்தில் எனக்கு மகன் பிறந்தான். முப்பதாம் நாள் நான் கொல்லைப்புறம் போகவில்லை. தெருவில் முதன்முதலாகப் போகாதவன் நான்தான்.

எங்கள் வழக்கப்படி மூத்த பையனுக்குத் தாத்தா பெயர். வீரையன் என்று அன்றைக்கே வைத்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெயரை நினைத்தாலே தென்னை மரமும் சாணி வாசனையும் வந்தது. என் மகனுக்கு எவன் நாக்கிலும் பட்டிராத புத்தம் புதுப் பெயர் வேண்டும் என்று நினைத்தேன். அதையும் நான் வைத்தால் போதாது, மந்திரி வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் கூட்டத்துக்கு வரும் தலைவர் கையில் பிள்ளையைக் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்வது பெரிய பெருமை. மந்திரி குத்தாலம் வருகிறார் என்றார்கள். தேதி தள்ளிப்போனது. மறுபடி வருகிறார் என்றார்கள். மறுபடி தள்ளிப்போனது. ஐந்து மாதம் உங்கள் அண்ணன் பெயரில்லாமல் கிடந்தான். உங்கள் அம்மா அஞ்சலைக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் வாய் அன்றைக்கும் இப்படித்தான்.

"ஏங்க, புள்ள குப்புற விழுந்துட்டான். தவழுறான். இன்னும் 'அது', 'அது'ன்னு கூப்பிடுறேன். ஒங்க மந்திரி வர்றதுக்குள்ள இவனுக்கு மீச மொளச்சிரும்."

"வருவாரு. வர்ற புதன்னு சொல்லியிருக்காங்க."

"பெத்தது நானு, பால் குடுக்கிறது நானு. பேரு மட்டும் குத்தாலத்துலேருந்து லாரியில வரணுமா? ஒங்கப்பா பேர வைங்க. நல்ல மனுசன் பேரு."

"அந்தப் பேரு வேணாம்."

"பேரு என்னங்க பண்ணுச்சு? அடிச்சவன் பேரயா வைக்கச் சொன்னேன்?"

இதற்கு நான் கத்தினேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டாள்.

அந்தப் புரட்டாசியில் காரியக்காரர் சாமிநாதன் எங்கள் தெருவுக்கு வந்தார். அவர் கால் எங்கள் தெருவில் பட்டதே அன்றுதான். கையில் வெள்ளி அரைஞாண். "பையனுக்கு ஐயா குடுக்கச் சொன்னாங்க" என்றார். நான் வாங்காமல் நின்றேன். அவர் சிரித்தார். "என்னடா மொறைக்கிற? ஒங்கப்பன் பேரயே வையி, வீரையன்னு. ஐயாவே சொல்லிட்டாங்க. பழசெல்லாம் மனசுல வச்சுக்காத." அப்பாவைக் கட்டிவைத்துச் சாணி ஊற்றியவர் வாய்க்கு அப்பாவின் பெயர் முழுசாகத் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஏன் இந்தப் பாசம் என்று யோசித்தேன், புரியவில்லை. அரைஞாணை அவரே குடிசை வாசல் குறட்டில் வைத்துவிட்டுப் போனார். அஞ்சலை அதைத் தொடவில்லை. கோழிதான் கொத்திப் பார்த்தது.

மந்திரி கடைசியில் வந்தே விட்டார். குத்தாலம் கடைத்தெரு மேடையில் என் மகனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "பையனா, பொண்ணா?" என்று கேட்டுவிட்டு, மைக்கில் "வெற்றிவேந்தன்!" என்றார். கைதட்டல். பிள்ளை வீறிட்டு அழுதான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று அதே மேடையில் எனக்கு முன்னால் போன ஒருவருடைய பிள்ளைக்கும் அதே பெயரைத்தான் வைத்தார் என்று பிறகு தெரிந்தது. இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாராவது அதைச் சொல்லியிருந்தால் அவனை அடித்திருப்பேன்.

மறுநாள் காலை குறுவை அறுவடை. பத்து மணி வெயில். நான் கதிர் அறுத்துக்கொண்டிருந்தேன், அஞ்சலை வாய்க்கால் கரைப் பூவரசு மரத்தடியில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாமிநாதன் மூன்று ஆட்களோடு வரப்பில் வந்தார். "என்னடா தவக்கள, மவனுக்கு என்னமோ ராசா பேரு வச்சிருக்கியாம்?" என்றார். வெற்றிவேந்தன் என்றேன். "அத ஒங்க தெருவுல வச்சுக்க. தாசில்தார் வந்து கேட்டா வீரையன்னு சொல்லு." ஏன் என்றேன். பண்ணையில் யாரும் கேட்காத கேள்வி. அவருக்குக் கோபம் தலைக்கேறி, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்: "பத்திரத்துல ஏறின பேருடா அது! ஒங்க தெருவுல மொதப் பய பொறந்தா தாத்தன் பேருதானே? அத நம்பித்தானே எழுதினோம்!"

அப்போதுதான் விளங்கியது. சட்டத்துக்குப் பயந்து ஐயா தன் நிலத்தைத் துண்டு துண்டாகத் தன் ஆட்கள் பெயரில், ஆட்களுக்கே தெரியாமல் எழுதி வைத்திருக்கிறார். அதில் பத்து மா, அதாவது மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, தங்கராசு மகன் மைனர் வீரையனுக்குத் தானமாகக் கொடுத்ததாகப் பத்திரம். பண்ணைக்கு விசுவாசமாக உழைத்த குடும்பத்தின் பேரில் உள்ள பிரியத்தால் கொடுத்தது என்று அதில் எழுதியிருந்ததாம். பெயரளவில் எங்களுடையது, நெல் அவருடையது. தாசில்தார் விசாரணைக்கு வரும்போது அந்தப் பெயரில் ஒரு பிள்ளை இருந்தாக வேண்டும். நான் ஐந்து மாதம் பெயர் வைக்காமல் போட்டிருந்ததில் அவர்களே வைத்துவிட்டார்கள். அப்பாவைக் கொன்றவர்கள் அப்பாவின் பெயரில் நிலத்தை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று விளங்கியதும் நிமிர்ந்து நின்றேன். "பத்திரத்துல ஒங்க மவன் பேர எழுதிக்கங்க" என்றேன்.

முதல் அடி காதோரம் விழுந்தது. கீழே விழுந்ததும் மூன்று பேரும் மிதித்தார்கள். இரண்டு விலா எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. அஞ்சலை ஓடி வந்தாள். ஒருவன் தடிக் கம்பால் அவள் தோளில் அடித்தான், கழுத்தெலும்பு முறிந்து கை தொங்கிவிட்டது. அந்தக் கையில் இருந்த பிள்ளையை சாமிநாதன் வாங்கிக்கொண்டார். வாங்கி, ஒரு காலைப் பிடித்து வாய்க்காலுக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிட்டார். புரட்டாசி வாய்க்கால், கரை தொட்டு ஓடுகிறது. "இது பேரு என்னடா? சொல்லு" என்றார். அறுத்துக்கொண்டிருந்த நாற்பது பேரும் நின்று பார்த்தார்கள்.

கயல், உன் மடியில் இருப்பது ஒன்பது நாள் பிள்ளை. அதனால்தான் இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன். நான் சொல்லவில்லை. ஒரு வார்த்தை, வீரையன் என்று சொல்லியிருந்தால் போதும். பிள்ளையின் தலை தண்ணீரில் போனது, வெளியே வந்தது. "பேரு?" மறுபடியும் போனது. அப்பாவை அடித்தது, தவக்களை என்று கூப்பிட்டது, எல்லாம் ஒன்றாக நினைவில் வந்து, நான் "வெற்றிவேந்தன்" என்றேன். என் மானம் அப்படி. மூன்றாவது முறை தலை உள்ளே போனபோது அஞ்சலை கத்தினாள். "வீரையன்! வீரையன்! வீரையன்ங்க, எம்மவன் பேரு வீரையன்ங்க!" சாமிநாதன் பிள்ளையைத் தூக்கி அவளிடம் கொடுத்தார். பிள்ளை நீலம் பாரித்திருந்தான், பிறகு இருமினான், அழுதான். "பொம்பளைக்கு இருக்கிற அறிவு ஒனக்கில்லையேடா" என்று சொல்லிவிட்டு அவர் வரப்பில் திரும்பி நடந்தார்.

அதோடு முடிந்திருந்தது. பிள்ளை அவன் அம்மா கையில் பத்திரமாக இருந்தான். அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் எழுந்தேன். கையில் கதிர் அறுவாள் இருந்தது. பின்னாலிருந்து ஓடிப்போய் சாமிநாதன் கழுத்தைப் பார்த்து இழுத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பியவர் வலது கையைத் தூக்கினார். நான்கு விரல்கள் வரப்பில் விழுந்தன, கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. அவர் என் முகத்தைப் பார்த்து "தங்கராசு" என்றார். முதன்முதலாக என் பெயரைச் சொன்னார். நான் மறுபடி ஓங்கினேன். நாற்பது பேரில் யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிடிக்காவிட்டால் கொன்றிருப்பேன். பிள்ளையைக் காப்பாற்ற வெட்டினேன் என்று இங்கே வந்த பிறகு ஒன்றிரண்டு நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். காப்பாற்றியவள் உங்கள் அம்மா. காப்பாற்றிய பிறகு வெட்டினவன் நான்.

அன்றைக்கே தெருக்காரர்கள் என்னை வயல் வழியாகக் காரைக்காலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஒரு சரக்குக் கப்பலில் கரி அள்ளும் வேலை, பிறகு வேறு கப்பல்கள், கடைசியில் இந்த ஹாம்பர்க். அதெல்லாம் உங்களுக்குப் பல முறை சொன்ன கதை. எதற்காக ஓடினேன் என்பதை மட்டும்தான் சொன்னதில்லை.

நான் போன பிறகு நடந்ததை உங்கள் அம்மாவின் அண்ணன் மாரிமுத்து மாமா கடிதத்தில் எழுதினார். தாசில்தார் வந்தார். அஞ்சலை கழுத்தெலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கையில் துணி சுற்றிய சாமிநாதனும் ஐயாவும் நாற்காலிக்குப் பக்கத்தில். "பையன் பேரு?" வீரையன்ங்க. "பத்து மா நெலத்த யாரு பார்க்கிறது?" நாங்கதாங்க பார்க்கிறோம். சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். ஐயா தலையாட்டினார். தாசில்தார் எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஐப்பசி பிறந்து தாளடி நடவு தொடங்கிய அன்று, அஞ்சலை தெருப் பெண்கள் இருபது பேரை அந்தப் பத்து மாவில் இறக்கிவிட்டாள். அவளால் குனிய முடியாது. பிள்ளையோடு வரப்பில் நின்று நாற்றுக் கட்டுகளை எட்டி உதைத்து உள்ளே தள்ளினாளாம். சாமிநாதன் ஓடி வந்து, "ஏய், யாரு நெலத்துல யாருடி எறங்குறது?" என்று கத்தினார்.

"எம்மவன் நெலத்துல."

"ஒம்மவனா? அது பேருக்கு எழுதினதுடி!"

"பேருக்குத்தாங்க எழுதினீங்க. பேரு எம்மவனோடது. நாங்கதான் பார்க்கிறோம்னு சர்க்கார் முன்னாடி சொல்லச் சொன்னதும் நீங்கதான்."

ஆள் விட்டார்கள். நட்ட பயிரை மாடு விட்டு மிதித்தார்கள். மறுநாள் மறுபடி நட்டார்கள். இரண்டாம் முறை கம்போடு வந்தார்கள். இரண்டு பெண்களுக்கு மண்டை உடைந்தது, அம்மாவின் சின்னம்மா மகளுக்கு ஒரு கண் போனது. பெண்களும் சும்மா இருக்கவில்லை. களைக்கொட்டால் ஒருவன் தொடையைக் கிழித்தார்கள். சேறு சிவந்துபோனது என்று மாமா எழுதியிருந்தார். மூன்றாம் முறை நட்டார்கள். ஐயா கோர்ட்டுக்குப் போக முடியாது; என் நிலம் என்று சொன்னால் சர்க்காரை ஏமாற்றியதை அவரே ஒப்புக்கொண்டதாகும். அந்தத் தையில் வீரையன் பெயரில் முதல் அறுப்பு நடந்தது. நான் அடி வாங்கி, வெட்டி, நாட்டை விட்டு ஓடி வேண்டாம் என்று உதறிய பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் அம்மா அந்தப் பண்ணையிலிருந்து மூன்று ஏக்கரைப் பெயர்த்து எடுத்தாள்.

எட்டு வருடம் கழித்து எனக்கு இங்கே தங்கப் பேப்பர் கிடைத்து அவளை வரவழைத்தேன். அண்ணனை அழைத்து வர முடியவில்லை. அந்தப் பெயருக்குரியவன் ஊரில் இல்லை என்றால் நிலத்தை மறுநாளே மடக்கிவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எட்டு வயதுப் பையன் மாமாவோடு நிலத்துக்குக் காவலாக நின்றான். அம்மா விமானம் ஏறி வந்து இறங்கிய அன்று அவள் முந்தானையில் அவன் மூக்கைச் சிந்திய கறை இருந்தது. ஒரு வாரம் அதைத் துவைக்கவில்லை. பிறகுதான் நீங்கள் பிறந்தீர்கள்.

என் மேல் இருந்த வெட்டு வழக்கெல்லாம் செத்துப்போன பிறகு நான் முதல் முறை ஊருக்குப் போனேன். அண்ணன் அப்போது நல்ல ஆள், முகம் அப்படியே என் அப்பா. தூரத்தில் மடை மாற்றிக்கொண்டிருந்தான். நான் வரப்பில் நின்று "வெற்றி!" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்து வயல்காரர்தான் நிமிர்ந்து, யாரைத் தேடுறீங்க என்று கேட்டார். பின்னால் வந்த உங்கள் அம்மா "வீரையா" என்றாள், சாதாரணக் குரலில். உடனே திரும்பிப் பார்த்தான். அன்று சாப்பிடும்போது, "யப்பா, போன்ல நீங்க கூப்பிட்டா நான் ம்னு சொல்லுவேன். நீங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான். இங்க அந்தப் பேருல யாரும் இல்லப்பா" என்றான். குற்றமாகச் சொல்லவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். சாமிநாதன் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். கடைசிக் காலத்தில் இடது கையால் சாப்பிட்டார் என்றார்கள். அவர் வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே போகத் துணிவில்லை. திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகும் போனில் நான் வெற்றி என்றுதான் கூப்பிட்டேன். விட முடியவில்லை. விட்டால், அந்த வாய்க்கால் கரையில் நான் வீரையன் என்று சொல்லாமல் இருந்தது எதற்கு என்று யாராவது கேட்பார்கள் என்று பயம். யாரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கயல், இதுதான் என் பதில். மாயல் நல்ல பெயர்; எவன் நாக்கிலும் பட்டிராதது. அந்த ஆசை எனக்கும் இருந்தது, அதைத் தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? காத்தாயியும் நல்ல பெயர். ஜுரத்தில் கிடந்தபோது தன்னால் புருஷன் அடி வாங்கினானே என்று சாகும் வரை அழுத ஒருத்தியின் பெயர். இரண்டுக்கும் அந்த அலுவலகத்தில் காட்ட என்னிடம் காகிதம் இல்லை. ஆனால் பெயர் விஷயத்தில் என் பேச்சைக் கேட்காதே. ஒரு பெயருக்காக நான் பிள்ளையைத் தண்ணீரில் விட்டவன். உங்கள் அம்மாவைக் கேள். அவள் காத்தாயி என்று சொல்லிவிட்டு, நீ மாயல் என்றே வைத்தாலும் மறுநாள் காலை "மாயல் கண்ணு" என்று எண்ணெய் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குப் பெயரைவிடப் பிள்ளை பெரிது. எனக்கு அது புரிய நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

இதை எழுதி மடித்து உறையில் போட்ட பிறகு நேற்றுப் பகலில் ஒன்று செய்தேன், அதையும் சொல்ல உறையைப் பிரித்து எழுதுகிறேன். அம்மா கயல் வீட்டில் இருந்தாள். நான் ஒரு துண்டுக் காகிதத்தை அளவாக வெட்டி, பேனாவால் எழுதினேன்; இந்த ஊர் எழுத்தில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி. எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அப்பா செத்த பிறகு அந்தப் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சின்ன திருப்புளியை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கித் தெருக்கதவுக்கு வெளியே போனேன். அழைப்பு மணிப் பலகையில் எட்டு வீட்டுப் பெயர்கள் இருக்கின்றனவே, அதில் நம் வீட்டுப் பொத்தான் பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, தங்கராசு என்பதற்குக் கீழே வீரையன் என்ற துண்டைச் செருகி, திருகை இறுக்கினேன். பிறகு அந்தப் பொத்தானை ஒரு முறை அழுத்தினேன். மேலே ஜன்னல் திறந்திருந்தது. யாரும் இல்லாத வீட்டில் மணி அடித்தது கீழே வரை கேட்டது.